கரும்பலகையிலிருந்து கணினித் திரைக்கு: பேட் பிள்ளைகளின் பக்கமிருந்து ஒரு பள்ளித் திட்டம்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் பள்ளிக்கூடக் கணினியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும், இலக்கிய மேடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சில தோழர்கள் கேட்டார்கள். தொடர்பு பண்டிதரிடமே இருக்கிறது. 1892-இல் சென்னை மகாஜன சபையில் அவர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி என்பது. 1907 ஜூன் 19 அன்று அவர் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். விலையையே பெயரில் வைத்தார். என்ன எழுதுவது என்பதற்கு முன்னால், யார் கைக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதை அவர் முடிவு செய்துவிட்டார் என்றுதான் நாம் அதைப் படிக்கிறோம். அச்சு இயந்திரத்தைப் பற்றி அவர் கேட்ட அந்தக் கேள்வியை இன்று வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள பள்ளிகளின் கணினியைப் பார்த்து நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு கரும்பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும்படி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் அமளி. சாதி இந்துப் பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அவர் பலகையைத் தொட்டால் சோறு தீட்டாகிவிடும் என்று ஓடிப்போய்ப் பெட்டிகளை எடுத்து எறிந்தார்கள். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. நம்மில் பலர் இதைத் தீண்டாமைக்குச் சான்றாகப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம். இன்று இன்னொரு வகையில் பார்ப்போம். அந்தக் காலத்து வகுப்பறையில் கரும்பலகைதான் பெரிய கருவி. அது அந்த வகுப்பில் இருந்தது. அந்த வகுப்பில் அம்பேத்கரும் இருந்தார். பலகை வாங்கப்பட்டதாகக் கணக்கிலும் இருந்திருக்கும். ஆனால் அவர் நடந்துபோய் அதைத் தொடுவதற்கு இடையில் ஒரு வரிசை சாப்பாட்டுப் பெட்டிகள் இருந்தன. கருவி பள்ளிக்கு வருவது ஒன்று, நம் பிள்ளை அதைத் தொடுவது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் ஒரு பள்ளியின் தொழில்நுட்பத் திட்டம் முதலில் எழுத வேண்டும்.

நம் ஊர்களில் அந்த இடைவெளிக்குப் பெயரே உண்டு. ஊர், பேட். வெளியிலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்காகச் சொல்கிறோம்: தமிழ்நாட்டுப் பக்கம் சேரி, காலனி என்று சொல்வதைப் புதுச்சேரியில் பேட் என்பார்கள். ஊர்ப் பெயரோடு பேட் என்று ஒட்டியிருந்தால் அது நம் தெரு. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதி மக்களில் 15.73 விழுக்காடு பட்டியல் சாதியினர். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களின் அரசுப் பள்ளி வகுப்புகளில் போய்ப் பாருங்கள். நம் பிள்ளைகளின் பங்கு அதைவிடப் பெரிதாகத் தெரியும். வசதி வந்தவர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அரசுப் பள்ளியில் ஒரு கருவி பழுதானால் அது யார் வீட்டுப் பிள்ளையின் இழப்பு என்பதில் ஐயமில்லை.

பாகூர் என்றதும் அறிஞர்கள் செப்பேட்டைச் சொல்வார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. இந்த மண்ணின் கல்விப் பெருமை என்று அதை எல்லா விழாவிலும் சொல்கிறார்கள். அந்த மூன்று ஊர்களின் சேற்றில் இறங்கி நட்டவர்களின் பிள்ளைகள் அங்கே படித்ததாகச் செப்பேடு சொல்லவில்லை. அது இருக்கட்டும். கொடுத்தவர்களின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஓலைச் சுவடியையும் எழுத்தாணியையும் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை. ஆண்டுதோறும் விளைச்சல் வரும் நிலத்தைக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளின் கல்வி என்றால் தொடர் வருவாய் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நம் பிள்ளைகளுக்கு வரும் கொடையின் கணக்கைப் பார்ப்போம். ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கு ஒருமுறை தரும் தொகை 6.40 லட்சம் ரூபாய் வரை. அதன்பின் பராமரிப்பு, இணையம், மின்சாரம், பயிற்றுநர் என்று ஆண்டுக்கு 2.40 லட்சம் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு. ஸ்மார்ட் வகுப்பறை என்றால் ஒருமுறை 2.40 லட்சம், ஆண்டுக்கு 38 ஆயிரம். கருவிக்கு ஒதுக்குவதும் அதைக் காப்பாற்ற ஒதுக்குவதும் எந்த விகிதத்தில் இருக்கிறது பாருங்கள். ஐந்தாண்டு முடிந்த பிறகு என்ன? யுபிஎஸ் பேட்டரிக்கு ஆயுள் மூன்று நான்கு ஆண்டு. புரொஜெக்டர் விளக்கு மங்கும். விசைப்பலகையில் எழுத்து அழியும். எலி வயரைக் கடிக்கும். இவையெல்லாம் எந்தக் கொம்யூனிலும் எந்த ஆண்டிலும் நடக்கக்கூடியவை. எதிர்பாராத விபத்துகள் அல்ல. ஆனாலும் பழுது நீக்க எழுதிப்போடும் கடிதம் பள்ளியிலிருந்து வட்டத்துக்கும், அங்கிருந்து இயக்குநரகத்துக்கும் போய், ஒப்பந்த நிறுவனத்தின் காலக்கெடு முடிந்துவிட்டது என்று திரும்பி வரும்.

பூட்டிய கணினி அறையை இங்கே இருக்கும் பெரும்பாலோர் பார்த்திருப்போம். சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் விடுப்பில் இருப்பார். கணினிமேல் துணி போர்த்தியிருக்கும். ஆய்வு அதிகாரி வரும் நாளில் துணி எடுக்கப்படும். நாங்கள் போன ஒரு பள்ளியில், பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று ஒரு பொறுப்பாளர் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டுப்போனால் தம் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் அவருக்கு. ஆனால் ‘தொட்டால்’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்பின்ஸ்டன் பள்ளியின் சாப்பாட்டுப் பெட்டிகள் நினைவுக்கு வராமல் போகுமா? காரணம் வேறு, விளைவு ஒன்றுதான். ஆகவே பள்ளித் திட்டத்தில் இதை எழுத்தில் வைக்க வேண்டும்: பிள்ளைகள் கையாளும்போது ஏற்படும் இயல்பான தேய்மானத்துக்கு எந்த ஆசிரியரும் பொறுப்பாக்கப்பட மாட்டார். இந்த ஒரு வரி வந்தால் பாதிப் பூட்டுகள் திறந்துவிடும்.

தொழில்நுட்பத்துக்கு நாம் எதிரிகள் இல்லை. அதைத் திட்டமிட்டுக் கொண்டுவந்து காட்டிய இடம் நமக்கு அந்நியமும் இல்லை. நம் ஒன்றியப் பகுதியின் மாஹே, கேரளத்தின் நடுவில்தான் இருக்கிறது. நெடுங்காலம் கேரளப் பாடத்திட்டத்தைத்தான் படித்தது. கேரளத்தில் 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற திட்டம் தொடங்கியது. 2017-இல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. 4,752 பள்ளிகளில் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் இணையமும் கொடுத்தார்கள். எண்ணிக்கையில் நமக்கு ஆர்வமில்லை. அவர்கள் செய்த மூன்று காரியங்களில்தான் ஆர்வம். கருவி வருமுன் ஆசிரியருக்குப் பயிற்சி. பயிற்சி கொடுத்தவர்களும் வகுப்பெடுத்த பள்ளி ஆசிரியர்களே. அடுத்து, காசு கொடுத்து உரிமம் வாங்கும் மென்பொருளை விட்டுவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, மலையாளத்தில் இயங்கும் தங்களுடைய லினக்ஸ் பதிப்பையே உருவாக்கினார்கள். பிறகு 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர் மன்றங்களைத் தொடங்கி, பள்ளிக் கருவிகளைப் பார்த்துக்கொள்வதில் பிள்ளைகளையே பங்குகொள்ள வைத்தார்கள். தொட்டால் கெட்டுவிடும் என்று ஒதுக்கிய கையிலேயே கருவியைக் கொடுத்தார்கள்.

இவ்வளவும் செய்த கேரளத்தில்தான் 2020 ஜூன் 1 வந்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தன. அன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் தொலைக்காட்சி வழி வகுப்புகள் தொடங்கின. அன்றே மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். நன்றாகப் படிக்கும் பிள்ளை. தந்தை கூலித் தொழிலாளி. வீட்டுத் தொலைக்காட்சி பழுது, திறன்பேசி இல்லை. வகுப்பில் சேர முடியாமல் போன வருத்தம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவளுடைய பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அந்தக் குடும்பம் போதுமான அளவு கேமராக்களைப் பார்த்துவிட்டது. நாம் சொல்ல வேண்டியது இதுதான்: தொலைக்காட்சியோ திறன்பேசியோ இல்லாத பிள்ளைகள் ஏறக்குறைய 2.6 லட்சம் பேர் என்று அந்த அரசே முன்பு கணக்கெடுத்திருந்தது. அந்தக் கணக்கு கையில் இருந்தது. அவர்களுக்கு ஏற்பாடு முடியும் முன் மணி அடிக்கப்பட்டது. பிறகு நூலகங்களிலும் பொதுக் கூடங்களிலும் படிப்பு மையங்கள் திறந்தார்கள், தொலைக்காட்சிகள் வந்தன. நல்லதுதான். கடைசிப் பிள்ளைக்கான ஏற்பாட்டை இரண்டாம் கட்டம் என்று வைத்த திட்டம் எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும், முதல் நாளில் அந்தப் பிள்ளை வெளியேதான் நிற்கும்.

கேரளத்துக்கே அந்த நிலை என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டாம். 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் 1,362 எளிய குடும்பங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புறப் பிள்ளைகளில் ஒழுங்காக இணைய வழி படித்தவர்கள் 8 விழுக்காடு. கிராமத்துத் தலித், பழங்குடிப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 4 விழுக்காடு, மற்றவர்கள் 15. ஒரே கிராமம், ஒரே கோபுரத்தின் அலைவரிசை, ஆனாலும் நான்கும் பதினைந்தும்.

‘வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டா’ என்று கணக்கெடுப்பில் கேட்டு, ‘உண்டு’ என்று எழுதிக்கொண்டு போகிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. உண்டுதான். அப்பாவின் சட்டைப் பையில் உண்டு. அவர் காலை ஆறு மணிக்குச் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கோ கட்டட வேலைக்கோ போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புவார். போன் அவரோடு போய் அவரோடு வரும். வந்த பிறகு முதல் உரிமை அண்ணனுக்கு. தங்கை கையில் அது சேரும்போது சார்ஜும் தீர்ந்திருக்கும், நாளொன்றுக்கான டேட்டாவும் தீர்ந்திருக்கும். பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம், பிள்ளைதான் பார்க்கவில்லை என்று பள்ளி சொல்கிறது. ஆகவே ஒரு பள்ளி தன் தொழில்நுட்பத் திட்டத்தை எழுதும்போது ‘எத்தனை வீட்டில் போன் இருக்கிறது’ என்று கேட்காமல், ‘மாலை ஐந்திலிருந்து ஏழு மணிவரை எந்தப் பிள்ளையின் கையில் போன் இருக்கிறது’ என்று கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். பதிலைப் பார்த்த பிறகு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் போடலாமா என்று ஆசிரியர்கள் தாங்களே முடிவு செய்வார்கள்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகைக்குச் சான்றிதழ் தராதவர்கள் என்று பெயர்ப் பட்டியலை வகுப்புக் குழுவில் போடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வேலை சீக்கிரம் முடியும் என்றுதான். ஆனால் அன்று மாலைக்குள் வகுப்பில் யார் யார் என்ன சாதி என்பது நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிடும். காகிதக் காலத்தில் எழுத்தர் மேசை இழுப்பறைக்குள் இருந்த செய்தி அது. யூடைஸ் பிளஸ் தளத்தில் இப்போது ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியே ஏறுகிறது. சமூகப் பிரிவும் அதில் உண்டு. எந்த விவரத்தை யார் பார்க்கலாம், எதைக் குழுவில் போடக் கூடாது என்பதும் பள்ளித் திட்டத்தின் ஒரு பக்கம்தான். தனியுரிமை என்பது நகரத்துப் படித்தவர்களின் கவலை என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். சாதி தெரிந்த மறுநாள் பக்கத்து இருக்கை காலியாகும் பிள்ளைக்குத்தான் அது முதலில் தேவை.

சரி, கருவி வந்துவிட்டது, பூட்டும் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து என்ன செய்வது? பெரு நாட்டில் 2008 வாக்கில் தொடங்கி, ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற திட்டத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி ஆராய்ந்து 2012-இல் அறிக்கை தந்தது: கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை. பாடத்தோடு கருவியை எப்படிச் சேர்ப்பது என்ற ஏற்பாடு ஆசிரியர்களிடம் இல்லை. யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும், கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய விதிகளின்படி என்ற கேள்வியையே தலைப்பில் வைத்தது. நம் பள்ளிகளிலும் ஸ்மார்ட் வகுப்பு என்று சுவரில் எழுதி, நாற்பது நிமிடம் ஒரு காணொளியை ஓடவிட்டு, ஆசிரியர் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கும் நிலை உண்டு. அந்தக் காணொளியில் பேசுகிறவரின் ஆங்கிலம் பிள்ளைக்குப் புரியாது. நிறுத்திக் கேள்வி கேட்கவும் முடியாது. ஆசிரியரையாவது கேட்கலாம்.

மொழிச் சிக்கல் நமக்கு இப்போது கூடியிருக்கிறது. 2023–24 கல்வியாண்டில் நம் அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகளும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அந்த முடிவு சரியா தவறா என்ற வாதம் இன்னொரு நாளைக்கு. மாறிவிட்டோம், பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆங்கிலத்தில் தாண்ட வேண்டும். இங்கே தொழில்நுட்பம் உண்மையில் உதவக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அது பளபளக்கும் வேலை இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் நம் ஆசிரியர்களே ஐந்து நிமிடம் தமிழில் விளக்கி ஒலிப்பதிவு செய்து வைப்பது. காணொளிக்கு வேண்டிய டேட்டாவில் சிறு பங்கு போதும். பொத்தான் போனிலும் மெமரி கார்டில் போட்டுக் கேட்கலாம். பாகூரில் ஒரு ஆசிரியர் பதிவு செய்தால் வில்லியனூரில் பயன்படுத்தலாம். தமிழில் சொல்லி ஆங்கிலச் சொல்லை அறிமுகப்படுத்தும் அந்தப் பாலத்தை எந்த நிறுவனமும் நமக்குக் கட்டித் தராது.

சி.பி.எஸ்.இ. மாற்றத்தில் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு கதவும் உண்டு. ஒன்பது, பத்தாம் வகுப்பின் திறன் பாடங்களில் ஒன்று தகவல் தொழில்நுட்பம், குறியீட்டு எண் 402. அதன் பாடநூல் சொல்லிக்கொடுப்பது லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளை. உரிமக் கட்டணம் இல்லை; பழைய கணினியிலும் ஓடும்; தமிழிலும் இயங்கும். கணினி இல்லாமல், அல்லது கணினி இருந்தும் திறக்காமல், இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்வெழுத விடுவது நீச்சலைக் காகிதத்தில் கற்றுத்தருவதுதான். விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லித் தந்துகொண்டிருக்கிறது. புதுச்சேரியிலும் அந்த இயக்கத்துத் தோழர்கள் இருக்கிறார்கள். பெங்களூருவில் சுதர்சன் லேஅவுட் என்ற குடிசைப் பகுதி உண்டு. அங்கே தன்னார்வத் தோழர்கள் பழைய கணினிகளைத் திரட்டி ‘அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம்’ என்று தொடங்கினார்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் அங்கே ஜிம்ப் மென்பொருளில் ஓவியம் வரைந்தார்கள். பாபாசாகேபின் பெயரை அந்த வாசலில் எழுதியது பொருத்தம் என்றே நினைக்கிறோம்.

எதைக் கற்றுத்தருவது என்பதில் நம் பிள்ளைகளின் வாழ்வே பாடமாகலாம். விரிதாளில் கூட்டல், பெருக்கல் சொல்லித்தர, கற்பனைக் கடையின் விற்பனைக் கணக்கு எதற்கு? அம்மாவின் நூறு நாள் வேலை அட்டை வீட்டில் இருக்கிறது. எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி வந்தது, எத்தனை நாள் தாமதம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கிட்டால், பாடமும் புரியும், கொம்யூன் அலுவலகத்தில் கேட்க ஒரு கேள்வியும் கிடைக்கும். பாகூர் ஏரியின் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்து, வாய்க்கால் எந்தத் தெரு வழியாகப் போகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தால் புவியியலோடு ஊரின் அரசியலும் விளங்கும். பாட்டியின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பறையின் அடிகளையும் பதிவு செய்து, தமிழ்த் தட்டச்சில் எழுத்தாக்கினால், பிள்ளை மொழிப்பாடமும் படிக்கிறது. நமக்கு இலக்கியமும் சேர்கிறது. நம் எழுத்தாளர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்குப் போய் இதைச் செய்யலாம். இந்த மேடையின் பங்கு அங்கே இருக்கிறது.

வெள்ளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரு நாளுக்குள் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் நுழைந்தது. 2011 டிசம்பரில் தானே புயலும் இதே பக்கம்தான் கரை கடந்தது. பள்ளிகள்தான் நமக்கு நிவாரண முகாம். தரைத்தளத்தில் தரையோடு ஒட்டி மின்செருகியும் யுபிஎஸ்ஸும் வைத்தால் அடுத்த புயலில் அவை போகும். மாடி அறை, மேசை உயரத்துக்கு மேல் மின்செருகி, நவம்பர் முதல் வாரத்தில் கருவிகளை உயர்த்தி வைக்கும் பொறுப்பு யாருக்கு என்ற பெயர், இவற்றை எழுத ஒரு பொறியாளர் தேவையில்லை. பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் தாய்மாருக்கு நீர் எதுவரை வந்தது என்று தெரியும்.

அந்தத் தாய்மாரைத் திட்டக் கூட்டத்துக்கு அழைப்பது யார் என்பதற்கு வருகிறோம். இது தயவு இல்லை, சட்டம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பின்தள்ளப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும். பாதி உறுப்பினர் பெண்கள். 22-ஆம் பிரிவின்படி அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும்; அரசின் திட்டத்துக்கும் நிதிக்கும் அதுவே அடிப்படை. மத்திய விதிகள் அதை மூன்றாண்டுத் திட்டம் என்றும், கூடுதல் உள்கட்டமைப்பும் கருவிகளும் என்ன தேவை, ஆண்டுவாரியாக எவ்வளவு பணம் என்று அதில் எழுத வேண்டும் என்றும் சொல்கின்றன. ஒரு பள்ளியின் தொழில்நுட்பத் திட்டம் உட்கார வேண்டிய இடம் இதுதான். ஆனால் நடப்பது என்ன? உறுப்பினர் பட்டியலில் நம் தெருப் பெண்களின் பெயர் இருக்கும். கூட்டம் பகல் பதினொரு மணிக்கு. அவர் நடவுக்கோ, கம்பெனிக்கோ போயிருப்பார். மாலையில் பிள்ளையிடம் பதிவேடு வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டு அனுப்புவார். எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

நூறாண்டுக்கு முன் சென்னை மாகாணத்தில் பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயில் சாவடியிலும் நடந்ததால் நம் பிள்ளைகள் உள்ளே போக முடியவில்லை. பள்ளி எங்கே இருக்கிறது என்பதே அன்று கேள்வி. இடத்தை மாற்றக் கோரி ரெட்டமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் தலைமுறையும் போராடினார்கள். இன்று கூட்டம் எங்கே, எந்த நேரத்தில் நடக்கிறது என்பது அதே கேள்விதான். மாலை ஆறு மணிக்குப் பேட்டில் உள்ள சமுதாய நலக்கூடத்தில் மேலாண்மைக் குழுவைக் கூட்டச் சொல்லி நாம் மனுக் கொடுக்கலாம். சட்டம் எதுவும் தடுக்கவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாட்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிய ஊர் நமக்கு வடக்கே, மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பம். பெருந்தொற்றில் விட்டுப்போன படிப்பைத் தன்னார்வலர்கள் தெருத் தெருவாகப் போய்ச் சொல்லித்தந்தார்கள். அந்தத் திட்டத்திலும் செயலி இருந்தது. ஆனால் பிள்ளையிடம் போனது ஓர் ஆள். நம் நலக்கூடங்களில் மின்சாரமும் இணைய இணைப்பும் நான்கு கணினியும் ஒரு மேற்பார்வையாளரின் மாதச் சம்பளமும் வேண்டும் என்று சிறப்புக் கூறு நிதியிலிருந்து கேட்பது நம் உரிமை. அந்த நிதி நம் பெயரில் ஒதுக்கப்படுவது. சாலைக்கும் பாலத்துக்கும் அதை மாற்றிக் கணக்குக் காட்டுவதை எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஐந்து கேள்விகள் கேளுங்கள். கணினி எத்தனை, அவற்றில் இன்று இயங்குவது எத்தனை. கடந்த மாதத்தில் ஒவ்வொரு வகுப்பும் கணினி அறையில் இருந்த மணி நேரம். ஆண்டுப் பராமரிப்புத் தொகை வந்த நாளும் செலவான விவரமும். மேலாண்மைக் குழு உறுப்பினர் பட்டியல். கடைசியாகத் தயாரித்த வளர்ச்சித் திட்டத்தின் நகல். மனுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். வில்லியனூரில் பத்து, பாகூரில் பத்து என்று இருபது பள்ளிகளின் பதில்கள் கையில் வந்தால், அடுத்த மாநாட்டில் நாம் ஊகத்தை வைத்துப் பேச வேண்டியிருக்காது. வளர்ச்சித் திட்டத்தை நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்கின்றன மத்திய விதிகள். அதாவது டிசம்பர் 31. மனுக்களை செப்டம்பரிலேயே போட்டால்தான் பதில் வந்து, பேட்டில் கூட்டம் போட்டு, தாய்மாரோடு உட்கார்ந்து எழுத அக்டோபரும் நவம்பரும் கிடைக்கும். படிவத்தின் மாதிரியை வெளியே மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.